நான் ஏன் அந்த மனுவில் கையெழுத்துப் போடவில்லை: காசி யாத்திரைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

என்னோடு காசிக்கு வந்து திரும்பிய மன்னார்குடி வட்டாரத்து யாத்திரைக் குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

திரும்பி வரும்போது நம் விமானம் கிளம்ப ஓடி, பறக்காமல் ஓடுபாதையிலேயே திடீரென்று நிறுத்தப்பட்டதே, அதைப் பற்றிய புகார் மனுவை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் குழுத் தம்பி ஒருவர் வீட்டுக்கே கொண்டுவந்தார். 42 பேரில் 38 பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். "அண்ணே, நீங்க டிரைவர், நீங்க போட்டா வெயிட்டா இருக்கும்" என்றார். படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்று ராத்திரியே எனக்கு மூன்று போன். விமானக் கம்பெனிக்காரனிடம் காசு வாங்கிவிட்டேன் என்றுகூட ஒரு மாமா விளையாட்டாகச் சொன்னார். வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் பாதிப் பேர் படிக்க மாட்டீர்கள், மீதிப் பேர் கும்பிடு பொம்மை போட்டுவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். அதனால் எல்லோர் கண்ணிலும் படும்படியே எழுதுகிறேன்.

மனுவில் மூன்று விஷயம் இருக்கிறது. விமானியின் கவனக்குறைவால் நம் உயிருக்கு ஆபத்து வந்தது, அவர் மேல் நடவடிக்கை வேண்டும் என்பது முதலாவது. 40 நிமிஷம் நம்மைக் கதவைத் திறக்காமல் அடைத்து வைத்தார்கள் என்பது இரண்டாவது. நஷ்ட ஈடு மூன்றாவது. மூன்றாவதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. ஆறு மணி நேரம் காத்திருந்ததற்கு ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள். தாமதமானால் பயணிக்குச் சாப்பாடு தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதியே இருக்கிறது. தாராளமாகக் கேளுங்கள், அதற்குத் தனியாக எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது. முதல் இரண்டும்தான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அன்று நடந்ததை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெரிய ஊர் நிலையத்தில், திருச்சிக்குக் கிளம்ப வேண்டிய நம் வண்டிக்கு முன்னால் வரிசையாக விமானங்கள் நின்றன. நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால் நிற்குமே, அந்த மாதிரி. ஜன்னலோரம் உட்கார்ந்து நான் 11 வரை எண்ணினேன். ஒன்று இறங்கும், ஒன்று ஏறும். நம் முறை வந்தது. இன்ஜின் இரைச்சல் ஏறி முதுகு சீட்டோடு ஒட்டியது. இறக்கை நுனி லேசாக ஆட ஆரம்பித்தது. அப்புறம் அந்த இரைச்சல் பட்டென்று அறுந்தது. இறக்கை மேல் பலகைகள் நிமிர்ந்து நின்றன, வேறு மாதிரி ஒரு உறுமல் கேட்டது, பெல்ட் வயிற்றை அறுத்தது. பின் வரிசையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் நடைபாதையில் உருண்டு முன்னால் வரைக்கும் போனது. நின்ற பிறகு ஒரு வாசனை வந்தது. மற்றவர்களுக்கு எப்படியோ, கொல்லிமலை இறங்கும் வண்டியில் பிரேக் சூடேறி வரும் வாசனை அது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை வந்ததால் விதிப்படி நிறுத்தினோம் என்று கேப்டன் சொன்னார். "ஒரு லைட் எரிஞ்சதுக்கா இந்தக் கூத்து?" என்று நம் ஆட்கள் கேட்டார்கள். மனுவிலும் அதே வரி இருக்கிறது.

என் அக்கா மகன் விமானப் பராமரிப்பு இன்ஜினியர். ஊர் திரும்பியதும் அவனைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் குடைந்தேன். "அது பேர் ஆர்.டி.ஓ., மாமா" என்றான். எனக்கு லைசென்ஸ் ஆபீஸ்தான் ஞாபகம் வந்தது. ரிஜெக்டட் டேக்-ஆஃப், அதாவது ஓடத் தொடங்கிய பின் கிளம்புவதைக் கைவிட்டு நிறுத்துவது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அன்றைய எடை, காற்று, வெயில், ஓடுபாதையின் நீளம், ஈரம் எல்லாம் பார்த்து ஒரு வேகத்தைக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்வார்களாம். வி-ஒன் என்று பேர். நாம் வந்தது போன்ற விமானத்துக்கு அது மணிக்கு 250 கிலோமீட்டரை ஒட்டி வரும். அந்த வேகம் வரும் முன் நிறுத்த முடிவெடுத்தால் மிச்சப் பாதைக்குள் வண்டி நின்றுவிடும். அது தாண்டிவிட்டால் ஒரு இன்ஜினே போனாலும் மேலே ஏறிவிட வேண்டும், ஏறிச் சுற்றி வந்து இறங்க வேண்டும். ஒரு இன்ஜினோடு ஏறும்படிதான் அந்த வண்டியையே கட்டியிருக்கிறார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். வி-ஒன் வரும் வரை கேப்டனின் கை இன்ஜின் விசை நெம்புகோலின் மேலேயே இருக்கும். பக்கத்தில் இருப்பவர் "வி-ஒன்" என்று சொன்னதும் கையை எடுத்துவிடுவார். இனிமேல் நிறுத்தும் ஆசை வரக்கூடாது என்பதற்காகக் கையையே எடுத்துவிடுகிறார்கள். 31 வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவன் சொல்கிறேன், இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் கேள்விப்பட்டதில்லை.

வேகம் குறைவாக இருக்கும்போது சின்னக் கோளாறுக்கும் நிறுத்தலாம். 80, 100 நாட், அதாவது நம் கணக்கில் மணிக்கு 150 முதல் 185 கிலோமீட்டர் தாண்டியபின் இன்ஜின் கோளாறு, தீ, வண்டி பறக்கவே லாயக்கில்லை என்பது மாதிரி சில பெரிய காரணங்களுக்குத்தான் நிறுத்துவார்கள். ஆக, எந்த லைட் என்பதோடு எந்த வேகத்தில் எரிந்தது என்பதும் சேர்ந்துதான் முடிவு. அதை யோசிக்க அவருக்குக் கிடைத்த நேரம், நம் அத்தை வெற்றிலையில் சுண்ணாம்பு தடவும் நேரம்கூட இல்லை.

சரி, இப்போது என் கதை ஒன்று. உங்களில் பலருக்குத் தெரியாது.

1996-இல் மன்னார்குடியிலிருந்து கோட்டூர் வழியாகத் திருத்துறைப்பூண்டி போகும் வண்டி எனக்கு. குறுவை அறுவடை முடிந்த நேரம். நம் பக்கத்துச் சாலையைச் சொல்ல வேண்டுமா, பாதித் தாரில் நெல் காயும், ஓரத்தில் கருங்கல்லும் முள்ளும் அடையாளத்துக்கு. அன்று மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. நெல்லை மூட வந்தவர்கள் தார்ப்பாயை விரிக்க, காற்று அதைத் தூக்கியது. அதைப் பிடிக்க ஒரு பையன், ஏழெட்டு வயசு இருக்கும், அப்படியே சாலைக்குள் ஓடி வந்தான். காய்ந்த நெல் மேல் டயர் ஏறினால் மணல் மேல் போவது மாதிரி வழுக்கும். நெல் பக்கம் திருப்பாமல் நேராக வைத்தே அழுத்தி மிதித்தேன். வண்டி நின்றது. பையன் தார்ப்பாயோடு அந்தப் பக்கம் போய்விட்டான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உள்ளே நின்றுகொண்டு வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துவிட்டார்கள். ஒரு அம்மாவின் எவர்சில்வர் தூக்கில் இருந்த மோர் முழுக்கக் கொட்டிவிட்டது. பின்னால் இருந்தவர்கள் யாரும் பையனைப் பார்க்கவில்லை. நாலு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தார்கள். மேலேயிருந்து எனக்கு மெமோ வந்தது, "காரணமின்றித் திடீர் பிரேக்" என்று. விளக்கம் எழுதினேன், அதோடு முடிந்தது. சம்பளத்தில் ஒன்றும் பிடிக்கவில்லை.

ஆனால் அதற்கப்புறம் ஐந்தாறு மாதம் என் கால் மாறிப்போனது. குறுக்கே நாய் வந்தாலும், கன்றுக்குட்டி வந்தாலும், மிதிப்பதற்கு முன்னால் ஒரு யோசனை வரும். பின்னால் யாராவது விழுவார்களா, எழுதிக் கொடுப்பார்களா என்று. அரை நொடிதான். என் வண்டி 50-இல் போனது, அரை நொடியில் ஏழு மீட்டர் ஓடும். கோட்டூர் சாலையில் அந்த ஏழு மீட்டர் எனக்குக் கிடைத்தது, ஏதோ பிழைத்தேன். அந்த விமானம் 260-இல் போனால் ஒரு நொடிக்கு 72 மீட்டர். ஆறு பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய நீளம். முடிவெடுக்கத் தடுமாறுவதற்காகவும் சேர்த்து, இரண்டு நொடி ஓடும் தூரத்தை நிறுத்தும் தூரக் கணக்கில் கூட்டி வைத்திருக்கிறார்களாம். இரண்டே நொடி. நம் மனு அந்தக் கேப்டன் கைக்குப் போனால் அதில் எவ்வளவு தின்னும்?

நான் கையெழுத்துப் போடாததற்குக் காரணம் இதுதான். மற்றதெல்லாம் இதற்கு வால்.

விமானி எப்போதும் சரியாகவே நிறுத்துவார் என்று நான் சொல்லவில்லை. 1982-இல் ஸ்பெயினில் மலாகா என்ற ஊரில் ஒரு டிசி-10 ரக விமானம் ஓடும்போது மூக்குச் சக்கர டயரின் மேல்பட்டை கிழிந்து வண்டியே அதிர்ந்தது. என்னவென்று புரியாமல், வி-ஒன்னும் தாண்டிய பிறகு, கேப்டன் நிறுத்தினார். பாதை போதவில்லை. நெடுஞ்சாலையைக் கடந்து போய்த் தீப்பிடித்து, 394 பேரில் 50 பேர் இறந்தார்கள். அதே மாதிரி வி-ஒன் தாண்டி நிறுத்தியவர்தான் 2017-இல் அமெரிக்காவில் இப்சிலாண்டி என்ற இடத்தில் எம்டி-83 ரக விமானம் ஓட்டியவரும். அந்த வண்டி பலத்த காற்றில் தரையில் நிறுத்தியிருந்தபோது வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் பலகை ஒன்று சேதமாகி மாட்டிக்கொண்டிருந்தது. இழுத்தார், மூக்கு எழவில்லை. நிறுத்தினார். பாதையைத் தாண்டி ஓடி வேலியை உடைத்து நின்றது. 116 பேரும் நடந்து வெளியே வந்தார்கள். இரண்டு பேரும் ஒரே விதியை மீறியவர்கள்தான். எது சரி, எது தவறு என்று விசாரணைக்காரர்கள் கருவியின் பதிவை வைத்து மாதக்கணக்கில் பார்த்துச் சொன்னார்கள். நாம் திருச்சியில் இறங்கி வேனில் மன்னார்குடி வருவதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டோம்.

இரண்டாவது விஷயம், அந்த 40 நிமிஷம். வேகத்தில் ஓடும் அவ்வளவு எடையை நிறுத்தினால் வரும் சூட்டில் பெரும்பங்கு பிரேக்கில்தான் போய் உட்காரும். சக்கரத்தில் உருகும் அடைப்பான் ஒன்று வைத்திருக்கிறார்கள். ரொம்பச் சூடானால் அது உருகிக் காற்றை மெதுவாக வெளியே விட்டுவிடும், டயர் வெடிக்காது. புது ரக விமானத்துக்கு அனுமதி வாங்கும்போது தேய்ந்த பிரேக்கோடு, முழு எடையோடு ஓட்டி நிறுத்திக் காட்ட வேண்டும். சக்கரம் பழுக்கக் காய்ச்சிய இரும்பு மாதிரி ஆகிவிடும். நின்ற பிறகு ஐந்து நிமிஷம் தீயணைப்பு வண்டி கிட்டே வராமலே அது தாங்கியாக வேண்டும். இப்படிப்பட்ட சக்கரத்துக்குப் பக்கத்தில் நம் பெரியம்மாக்களைச் சறுக்குமரத்தில் இறக்கி விடுவார்களா? சிவப்பு வண்டிகள் நம்மைச் சுற்றி நின்றது பயமுறுத்த இல்லை, சூடு பார்க்க.

இதைத் தமிழில் இரண்டு வரி சொல்லியிருந்தால் பாதிக் கூச்சல் அடங்கியிருக்கும் என்பது வேறு விஷயம். அதை நானும் குறையாகத்தான் சொல்கிறேன். திருச்சி போகும் வண்டியில் தமிழ் அறிவிப்பு கேட்பது பேராசை இல்லை.

அடுத்தது சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. வண்டி நின்ற உடனே முதலில் எழுந்து மேல்பெட்டியைத் திறந்தவர்களில் நானும் ஒருவன். என் மஞ்சப்பையைத் தேடினேன். அதில் ஒரு துண்டும் மாத்திரையும் இருந்தன. பக்கத்தில் ஒரு அக்கா காசிப் பட்டு வைத்திருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடைபாதையில் நின்றார்கள். அந்தப் பெண் பிள்ளை, பணிப்பெண், "உட்காருங்க, உட்காருங்க" என்று தொண்டை வற்றக் கத்தியது. அந்த நேரம் நிஜமாகவே தீப்பிடித்திருந்தால்?

2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோ ஹனேடாவில் அப்படித்தான் ஆனது. முந்தின நாள் நோட்டோவில் நிலநடுக்கம். அங்கே நிவாரணப் பொருள் கொண்டுபோகக் கிளம்பிய கடலோரக் காவல் விமானம் ஒன்று, கூப்பிடும் முன்னே ஓடுபாதைக்குள் வந்து நின்றுவிட்டது. பெரிய ஏர்பஸ் அதன் மேலேயே இறங்கியது. சின்ன விமானத்தில் ஆறு பேரில் ஐந்து பேர் போய்விட்டார்கள். பெரிய விமானம் எரிந்து சாம்பலானது. ஆனால் அதிலிருந்த 379 பேரும் உயிரோடு இறங்கினார்கள், பைகளை உள்ளேயே விட்டுவிட்டு. நாம் 42 பேர் மஞ்சப்பைக்கு அடித்துக்கொண்டதை நினைத்தால் கூசுகிறது.

நெரிசலான நிலையங்களில் நிறுத்த முடிவெடுப்பது விமானி மட்டுமில்லை, கீழிருந்து உத்தரவு கொடுக்கும் கட்டுப்பாட்டு டவரும்தான். டெல்லியில் 2023 ஆகஸ்டில் ஒரு விமானம் கிளம்பலாம் என்று உத்தரவு வாங்கி நின்றது. அதே பாதையைக் குறுக்கே கடக்க, அப்போதுதான் இறங்கிய இன்னொரு விமானத்துக்கும் உத்தரவு போய்விட்டது. கடக்க வந்த விமானத்தின் பெண் கேப்டன் கவனித்துச் சொன்னதால் கிளம்புவது நிறுத்தப்பட்டது. மறு வருஷம் ஜூன் 8-ஆம் தேதி மும்பையில் ஒரு விமானம் ஓடி ஏறிக்கொண்டிருக்கும்போதே அதே பாதையில் பின்னால் இன்னொன்று வந்து இறங்கியது. நூலிழைதான். அன்று நாம் பாதையில் நின்றபோது தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்க வந்து, இறங்காமல், பெரிய சத்தத்தோடு ஏறிப் போனதே, ஞாபகம் இருக்கிறதா? "அதையும் காணோம், இதையும் காணோம்" என்று பெரியம்மா ராம நாமம் சொன்னார்களே. டவர் அந்த விமானத்தைத் திருப்பி அனுப்பியது. நாம் நிற்க இடம் வேண்டும் என்பதற்காக.

இடம் என்று வந்தால் நம் வீட்டுக் கதைக்கு வருவோம். திருச்சி ஓடுபாதை 8,136 அடி. 2018 அக்டோபர் 12-ஆம் தேதி, விடியும் முன்னே, அங்கிருந்து துபாய்க்கு ஒரு போயிங் 737 கிளம்பியது. ஓடும்போதே கேப்டனின் இருக்கை முதுகு பின்னால் சாய்ந்ததில் அவர் கையோடு இன்ஜின் விசையும் குறைந்துவிட்டது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. வேகம் ஏறாமல், பாதை தீர்ந்து, பாதை முனைக்கு அப்பால், இறங்கும் விமானத்துக்கு வழிகாட்ட வைத்திருந்த ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டுதான் மேலே எழும்பியது. 136 பேர். அடிவயிறு கிழிந்த வண்டி சில மணி நேரம் பறந்து மும்பையில் இறங்கியது. நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் வளைகுடாவுக்கு அந்தப் பாதையில்தான் போகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆன்டெனா உடையக்கூடியதாக இருந்தது, உடைந்தது. 2024 டிசம்பர் 29-ஆம் தேதி கொரியாவில் முவான் என்ற ஊரில் வயிற்றால் இறங்கிச் சறுக்கிய விமானத்துக்கு முன்னால் இருந்ததும் அதே மாதிரி ஆன்டெனாதான். ஆனால் அதைக் கான்கிரீட் வைத்த மண்மேட்டில் நட்டிருந்தார்கள். 181 பேரில் 179 பேர் இறந்தார்கள். பாதைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். ஓடுபாதையையும் அதைச் சுற்றி விட்டிருக்கும் வெற்றுப் பட்டையையும் தாண்டிக் குறைந்தது 90 மீட்டர், முடிந்தால் 240 மீட்டர் தடையில்லாத நிலம் வேண்டும் என்பது உலக விதி. நிலம் கிடைக்காத இடத்தில், சக்கரம் ஏறினால் நொறுங்கிப் புதையும் லேசான கான்கிரீட் படுக்கை போடுகிறார்கள், அமெரிக்காவில் நிறைய இடங்களில் இருக்கிறது. நாற்றங்காலில் டிராக்டர் புதைந்து நிற்குமே, அதே வித்தைதான்.

திருச்சியில் 2024-இல் புது முனையம் திறந்தார்கள். கோபுரம், கோலம், சுவரெல்லாம் ஓவியம், போய்ப் பார்த்தவர்கள் எல்லோரும் செல்பி போட்டீர்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஓடுபாதையை 12,500 அடியாக நீட்டும் பேச்சு அதைவிடப் பழசு. நிலம் எடுப்பதிலேயே வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்தது. அதற்கு நாம் யாரும் ஒரு மனு எழுதியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இது நம் கையிலேயே இருப்பது. விமான நிலையத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டக்கூடாது, ஆடுமாடு வெட்டிக் கழிவு போடக்கூடாது என்று 1937-ஆம் வருஷத்து விமான விதிகளிலேயே போட்டிருக்கிறது. கழிவு இருந்தால் பருந்து வரும், பருந்து இன்ஜினுக்குள் போனால் நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே லைட் எரியும். அரியமங்கலம் குப்பைமேடு எங்கே இருக்கிறது, நிலையம் எங்கே இருக்கிறது என்று திருச்சியில் சொந்தம் இருப்பவர்கள் போய்ப் பாருங்கள். கோழிக்கடை வைத்திருக்கும் நம் குழுத் தம்பிகள் இரண்டு பேரிடமும் இதை நான் நேரிலும் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளவில்லை.

ஆகவே ஒரு யோசனை. அந்த மனுவில் முதல் பத்தியையும் இரண்டாவதையும் எடுத்துவிடுங்கள். நஷ்ட ஈடு இருக்கட்டும். அதோடு, இப்படி நிறுத்தினால் என்ன நடந்தது என்று பயணிக்குப் பயணியின் மொழியில் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளலாம். திருச்சிப் பாதையின் இரண்டு முனையிலும் காலி நிலம் எவ்வளவு இருக்கிறது, நீட்டும் வேலை எந்த அளவில் நிற்கிறது என்று விமான நிலைய ஆணையத்திடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் கேட்டு ஒரு பக்கம் எழுதலாம். நான் வரைவு எழுதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்து புரியாது, பேத்தி டைப் அடித்துத் தருகிறேன் என்றிருக்கிறாள்.

கொண்டுவந்த கங்கை ஜலத்தை ராமேஸ்வரத்தில் சேர்க்க அடுத்த அமாவாசைக்கு வேன் பேசியிருப்பதாகக் கேள்வி. எனக்கும் ஒரு இடம் போடுங்கள். முன் சீட்டு மட்டும் வேண்டாம். அங்கே உட்கார்ந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் என் வலது கால் தானாகத் தரையை மிதிக்கிறது, பக்கத்தில் ஓட்டும் பையன் பயந்துபோகிறான்.

இப்படிக்கு,
உங்களோடு காசிக்கு வந்த
ஓய்வு பெற்ற பஸ் டிரைவர்,
மன்னார்குடி